ஆறாவது துளையை நகர்த்தியவன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான் அதை அதற்கு முன்பே கைவிட்டிருந்தேன். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புப் பட்டறையில் இரும்புத் தூள் பெருக்கினேன். பிறகு அங்கேயே லேத் ஓட்டினேன். பிறகு மூன்று பேர் ஓட்டித் தேய்த்த ஒரு பழைய லேத்தைச் சொந்தமாக வாங்கினேன். இன்றைக்குத் துடியலூரில் நீங்கள் நின்று வேலை செய்கிற இந்தக் கூடம், இதன் தகரக்கூரை, மூங்கில் காய வைக்கிற பரண், துளையின் இடம் பிசகாமல் பிடித்துக்கொள்கிற ஜிக் எல்லாம் நான் உண்டாக்கியவை. பள்ளிப் பிள்ளைகள் ஊதுகிற பிளாஸ்டிக் குழலிலிருந்து கச்சேரிக்காரர் கேட்டு வாங்குகிற மூங்கில் குழல் வரை இங்கிருந்து போகிறது. பம்பு செய்கிறவனுக்குப் புல்லாங்குழல் எதற்கு என்று சிரித்த சொந்தக்காரர்களில் இரண்டு பேருடைய பேரப்பிள்ளைகள் இப்போது நம்மிடம்தான் வேலை செய்கிறார்கள். யார் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கே தெரியும்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஒன்பது பேருக்கும் என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னாள் என் மகள் கவிதா. பட்டறையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். "அப்பா, பெருமையெல்லாம் வேண்டாமுங்க, வேலைக்கு ஆகற மாதிரி எழுதுங்க" என்றாள். நடந்ததை எழுதினால் பெருமை தானாக வந்து உட்காருகிறது, நான் என்ன செய்யட்டும்? எழுத்துப் பிழை இருந்தால் ஆபீஸில் திருத்திக்கொள்ளலாம். கருத்தைத் திருத்தக் கூடாது.

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது ஒரு பித்தளை வளையத்தால். பஜனைக் குழுவில் குழல் வாசிக்கிற ஒருவர், விரிசல் விட்ட தன் குழலுக்கு வளையம் போட்டுத் தரச் சொல்லி வந்தார். போட்டு முடித்ததும் குழலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஒரு குழாய், அதில் சில ஓட்டைகள், அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்கக் குழாயையும் ஓட்டையையும் தவிர வேறு எதையும் பார்க்காதவன் நான். இதை நான் செய்ய மாட்டேனா என்று தோன்றியது.

செய்தேன். முதல் தடவையே ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது குழல். துளைக்குத் துளை ஒரே இடைவெளி, ஒரே அளவு. பம்பு மூடியில் போல்ட் துளை போடுகிற மாதிரி, காலிப்பர் வைத்து அளந்தால் ஒரு தலைமுடிகூடப் பிசகாது. பார்க்க அவ்வளவு அழகு. ஒரே வாரத்தில் அந்தப் பள்ளியின் பாட்டு டீச்சர் இரண்டு சாக்கில் அத்தனையையும் கட்டி ஆட்டோவில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏனுங்க, இது என்ன குழலுங்க?"

"ஏனுங்க டீச்சர், என்ன ஆச்சு?"

"ச வருதுங்க. ரி வருதுங்க. அதுக்கப்புறம் ஊர்ல இருக்கறதெல்லாம் வருதுங்க. நீங்க ஊதிப் பாத்தீங்களா?"

நான் ஊதிப் பார்க்கவில்லை. எனக்கு ஊதத் தெரியாது. துளையின் இடமும் அளவும் கண்ணுக்காக இல்லை, காதுக்காக என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. நாற்பதில் ஒன்றை எடுத்து ஊதினேன். காற்றுதான் வந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அவர்தான் போத்தனூரில் ஒருவரைச் சொன்னார். ரயில்வேயில் சிக்னல் கேபினில் லீவர் இழுக்கிற வேலை. ஓய்வு நாளில் குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து குழல் ஊதுவார். தன் பெயரை எங்கேயும் சொல்லவோ எழுதவோ வேண்டாம் என்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டார். அதனால் கேபின்காரர் என்றே எழுதுகிறேன். என்னைவிட நான்கு வயது இளையவர். அப்போதே எனக்கு முப்பத்தெட்டு. நான்கு வயது சின்னவரிடம் கை கட்டி நிற்பது எனக்கு லேசான காரியமாக இல்லை.

முதல் நாள் என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க ஓட்டை போடறவருங்க. மூடறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது."

மூன்று வாரம் என்னை ஊதவே விடவில்லை. விரலை வைத்து மூட வேண்டும், எடுக்க வேண்டும், மறுபடி மூட வேண்டும். அழுத்தவும் கூடாது. எடுத்ததும் விரல் சதையைத் திருப்பிக் காட்டச் சொல்வார். அதில் துளையின் வட்டம் முழுசாகப் பதிந்திருக்க வேண்டும். முக்கால் வட்டம் இருந்தால் தலையை ஆட்டுவார். லேத் பிடித்துக் காய்ப்பு ஏறிய விரலில் வட்டம் எங்கே பதியும்? பதிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

அவர் சொன்னதை உங்களுக்கு அப்படியே தருகிறேன். "எங்க கேபின்ல ஒரு லீவர் விழுந்தாத்தானுங்க அடுத்தது அசையும். நெனச்ச லீவரை நெனச்ச நேரத்துல இழுத்துப்போட முடியாது. குழலும் அப்பிடித்தான். மேலருந்து ரெண்டு ஓட்டைய மூடினா ச. கீழ போகப் போக ஒண்ணொண்ணா மூடிக்கிட்டே போகோணும். ஆறு மூடினாப் ப, அதான் பஞ்சமம். மேல ஒரு ஓட்டை கொஞ்சம் தொறந்திருந்தாலும் கீழ இருக்கற எதுவும் பேசாதுங்க."

பிறகு குழலின் எல்லையைச் சொன்னார். "இது ரெண்டரை மாடி ஊடுங்க, மாடின்னா ஸ்தாயி. ஆறு மூடி மெதுவா ஊதினா கீழ்ப் பஞ்சமம், அதே ஆறை மூடிக் கொஞ்சம் இறுக்கி ஊதினா நடுப் பஞ்சமம். வெரல் ஒண்ணுதான், மாடிதான் வேற. ஏழையும் மூடினா அடியில இருக்கற மத்திமம். அதோட தரை வந்துருச்சு. அதுக்குக் கீழ தோண்டினீங்கன்னா மண்ணுதான் வரும். எந்தக் குழலுக்கும் அதோட தரை எங்க இருக்குதுன்னு தெரியாம அதை யாருக்கும் குடுத்துப்போடாதீங்க."

நன்றாகக் கேட்டுக்கொண்டேன். தலையையும் ஆட்டினேன். ஆனால் அது எனக்கு நிஜமாக உறைத்தது பல வருஷம் கழித்து, ஆறுச்சாமி வந்த பிறகுதான்.

ஆறுச்சாமி பெரியநாயக்கன்பாளையத்தில் தகடு வெட்டுகிற ஒரு பவர் பிரஸ்ஸில் வேலை செய்தவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். என்னிடம் வாங்கிய நாலரைக் கட்டைச் சுதிக் குழலைத்தான் ஊர் வள்ளி கும்மிக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். வள்ளி கும்மி உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வாத்தியார் நடுவில் நின்று பாட, பெண்கள் வட்டமாகச் சுற்றிக் கைதட்டி ஆடுவார்கள். மாதக்கணக்கில் பழகி, ஊர் கூடியிருக்கையில் அரங்கேற்றம் செய்வார்கள். அந்தக் குழுவில் அவர் மனைவி சரோஜாவும் இருந்தார். சரோஜாவுக்கு அதுதான் முதல் அரங்கேற்றம்.

ஒரு நாள் காலை வந்து மேஜைமேல் குழலை வைத்தார். அதன் பக்கத்தில் வலது கையையும் வைத்தார். மோதிர விரலில் மேல் கணு இல்லை.

"பிரஸ்ல போயிருச்சுங்கண்ணா. ரெண்டு மாசம் ஆச்சு. புண்ணெல்லாம் ஆறிருச்சுங்க. குழல்தான் ஆறல."

ஊதிக் காட்டினார். ச, நி, த எல்லாம் வந்தன. ஆறாவது துளைக்கு வரும்போது மொட்டை விரல் எட்டவில்லை. எட்ட வைத்தாலும் மூடவில்லை. பஞ்சமம் இருக்க வேண்டிய இடத்தில் சீறல். கேபின்காரர் சொன்னது நினைவு இருக்கிறதா? விரல் ஒன்றுதான், மாடிதான் வேறு. கீழ்ப் பஞ்சமமும் போயிற்று, நடுப் பஞ்சமமும் போயிற்று. பஞ்சமம் இல்லாமல் எந்தப் பாட்டை வாசிப்பது?

"வாத்தியாரு பதினஞ்சு நாள் கெடு குடுத்திருக்கறாருங்க. அதுக்குள்ள பஞ்சமம் வந்தா நான் வாசிக்கலாம். இல்லீன்னா துடியலூர்ல இருந்து கீபோர்டுக்காரரைக் கூட்டிக்கறேன்னு சொல்லிப்போட்டாரு. அவரு மேல தப்பு இல்லீங்க. அரங்கேற்றம் இருபதாம் நாளு." குழலைத் திரும்ப மேஜைமேல் வைத்தார். "பிரஸ்ல வேற வேலைக்கு மாத்திட்டாங்க. பேக்கிங். அது போகட்டுங்க. இதையும் உட்டுட்டா ஊட்டுல அந்தப் புள்ள சரோஜா மூஞ்சியப் பாக்க முடியாதுங்க. நான் வாசிக்கறேன்னு சொல்லித்தான் அவளை ஆட்டத்துல சேத்தேன்."

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேன். "பதினஞ்சு நாள் எதுக்கு? நாலு நாள்ல தாரேன், போங்க" என்றேன்.

"ஒரு சுரமும் கொறையாதுங்களா?"

"கொறையாது."

அந்த ஒரு சொல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அந்த நாற்பது குழல் இல்லை, இந்தச் சொல்தான்.

முதலில் நான் செய்தது என்ன? எது தெரியுமோ அதைச் செய்தேன். வெள்ளை நைலானில் விரலுக்கு ஒரு குப்பி கடைந்தேன். உள்ளே கணு சரியாக உட்காரும், வெளியே நுனி சதை மாதிரி வளைவு. அப்படி ஒரு குப்பியை ஊரில் எவனும் கடைந்திருக்க மாட்டான். துளையும் மூடியது, பஞ்சமமும் வந்தது. இரண்டாம் நாள் பயிற்சியில் வியர்த்து, ஒரு வேகமான இடத்தில் குப்பி கழன்று பறந்து மேளக்காரர் மடியில் விழுந்தது. சரோஜா சொன்னாராம்: "இருக்கற வெரலையும் தொலைச்சுப்போடாதீங்க, சாமி." ஆனால் கழன்றது பெரிய குறை இல்லை, இறுக்கமாகச் செய்திருப்பேன். அவர் சொன்ன இன்னொரு குறைதான் என்னை மடக்கியது.

"ஓட்டை எங்க இருக்குதுன்னு தெரியலீங்கண்ணா. மத்த வெரலெல்லாம் பாக்குது. இது மட்டும் குருடாப் போகுது."

சதையில் வட்டம் பதிய வேண்டும் என்று மூன்று வாரம் உட்கார வைக்கப்பட்டவன் நான். நைலானில் எந்த வட்டம் பதியும்?

அடுத்து ஒரு நெம்புகோல் வைத்தேன். விரல் அழுத்தினால் சின்ன ஒரு மூடி போய்த் துளையை அடைக்கும், எடுத்தால் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். பம்பின் ஃபுட் வால்வைச் சுண்டுவிரல் அளவுக்குச் சிறிதாக்கியது மாதிரி. இன்றைக்கும் என் பீரோவில் இருக்கிறது, வந்து பார்க்கலாம். அதை மாட்டிக்கொண்டு ஆறுச்சாமி வாசித்தபோது நானும் பயிற்சிக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு பஞ்சமத்துக்கும் டக் என்று ஒரு சத்தம். வாத்தியார் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது கும்மிங்களா, மோட்டார் ரூமுங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். ஆறுச்சாமியும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒன்பது நாள் போயிருந்தது.

பயிற்சி முடிந்து இரண்டு பேரும் டீக்கடைக்குப் போனோம். அவர் கண்ணாடி டம்ளரை எடுத்து டீ குடித்தார். சும்மா அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொட்டை விரல் மேலே தூக்கி நின்றது. அதன் வேலையைச் சுண்டு விரல் செய்தது. நடு விரலுக்குப் பக்கத்தில் வந்து டம்ளரைச் சரியாகப் பிடித்திருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு மாதத்தில் அந்தக் கையே முடிவு செய்திருந்தது.

"ஆறுச்சாமி, டம்ளரைக் கீழ வைக்காதீங்க" என்றேன்.

"டீ தீந்துருச்சுங்கண்ணா."

"தீந்தாத் தீந்துட்டுப் போகுது. அப்பிடியே புடிங்க."

சுண்டு விரல் குட்டை என்பதால் ஏழாவது துளையை நாம் வழக்கமாகவே உடம்புப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறோம். ஒரு துளையைக் குழலின் நீளவாக்கில் நகர்த்தினால் சுதி கெடும். நீளத்தை விடாமல் சுற்றுவாக்கில் மட்டும் நகர்த்தினால் கெடாது. இது அத்தனை வருஷமும் என் கண்முன் இருந்தது. அப்படியானால் ஆறாவதையும் சுற்றித் தள்ளிப் போடு. சுண்டு விரல் ஆறாவதை மூடட்டும். மொட்டை விரல் குழலைத் தாங்கட்டும். மனிதனுக்கு ஒன்றைப் பொருத்துவதற்கே ஒன்பது நாளைச் செலவழித்தேன். நகர வேண்டியது துளை. முதலில் கையைப் பார்த்திருந்தால் ஒரே நாள் வேலை.

மறுநாள் காலை அவர் கையை ஆறாவது துளை இன்னும் போடாத ஒரு புதுக் குழல்மேல் வைத்துச் சாக்பீஸால் குறித்துத் துளை போட்டேன். பன்னிரண்டாம் நாள் வாத்தியார் முன் பஞ்சமம் வந்தது. சதை மூடிய பஞ்சமம். சத்தம் இல்லை, சீறல் இல்லை. வாத்தியார் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "கீபோர்டுக்காரருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கறனுங்க" என்றார். வட்டத்தில் நின்ற சரோஜா குனிந்து சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தார். கொசுவம் சரியாகத்தான் இருந்தது.

இங்கே கதையை முடித்தால் எனக்குத்தான் லாபம். ஆனால் நீங்கள் படிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடந்தது.

சுண்டு விரல் ஆறாவதுக்குப் போய்விட்டால் ஏழாவதை மூட விரல் இல்லை. ஏழையும் மூடினால்தான் அடி மத்திமம். ஆகவே அந்தக் குழலின் தரை ஒரு சுரம் உயர்ந்துவிட்டது. நடு மத்திமத்துக்கு வேறு பிடி உண்டு, அதனால் அதற்குக் குறை இல்லை. அடியில் இருப்பது மட்டும் போயிற்று. இது எனக்குத் துளை போடும்போதே தெரியும். "கொறையாது" என்று சொன்ன வாய் அதைச் சொல்ல விடவில்லை. கும்மிப் பாட்டு அவ்வளவு கீழே எங்கே போகப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த வாத்தியாருக்கு ஒரு பழக்கம். கடைசியில் பாடுகிற வாழ்த்துப் பாட்டைப் பயிற்சியில் பாட மாட்டார். முடிவைப் பாடிவிட்டால் ஆட்டம் முடிந்துபோன மாதிரி ஆகிவிடும், அரங்கேற்றத்தன்று பாடிக்கொள்ளலாம் என்பார். பெண்களுக்கு அந்த மெட்டுப் பழக்கம், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழையவர்கள் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஆறுச்சாமி இந்த வாத்தியாரோடு அரங்கேற்றம் கண்டதில்லை.

அரங்கேற்றத்தன்று நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். எப்படியும் மேடையில் கூப்பிட்டு ஒரு துண்டு போர்த்துவார்கள் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் நாலரை மணி இருக்கும். மைதானத்தில் பெண்கள் ஒரே நிறச் சேலையில் கூட ஆரம்பித்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் வாத்தியார் வாழ்த்துப் பாட்டை ஆறுச்சாமிக்கு முனகிக் காட்டினார். ஒவ்வொரு வரியும் மெல்ல இறங்கி, கடைசி அட்சரத்தில் அடி மத்திமத்தில் போய் உட்கார்ந்தது.

ஆறுச்சாமி ஊதினார். இறங்கினார். பஞ்சமம் வரை வந்து நின்றார். மறுபடி ஊதினார். பிறகு குழலை இறக்கிவிட்டு என்னைத் தேடி வந்தார்.

"அண்ணா, இதுல அடி மத்திமம் இல்லீங்களே."

"இல்லீங்க."

"கொறையாதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன். தெரிஞ்சுதான் சொன்னேன். பொய் சொல்லிப்போட்டேன்."

அவர் தோள் துண்டை எடுத்துக் குழலைத் துடைத்தார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்குப் பதிலுக்கா பஞ்சம்? அவர் துடைத்துக்கொண்டே இருந்ததுதான் தாங்க முடியவில்லை. ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் இருந்தது.

என்னென்ன செய்யலாம் என்று யோசித்தேன். சாதாரணக் குழல் கொடுத்தால் மத்திமமும் போய்விடும், பஞ்சமமும் போய்விடும். வாத்தியாரைச் சுதியை ஏற்றச் சொல்லலாமா? மாதக்கணக்கில் ஒரு சுதியில் பழகிய ஐம்பது தொண்டைகளைக் கடைசி நேரத்தில் ஏற்றினால் மேலே போகும்போது உடைந்துபோகும். அடி மத்திமத்துக்குப் பதில் நடு மத்திமத்தைத் தொடலாமா? ஆறுச்சாமி தொட்டுக் காட்டினார். கிணற்றில் இறங்குகிறவனைக் குடுமியைப் பிடித்து மேலே இழுத்த மாதிரி இருந்தது. இரண்டு பேருமே வேண்டாம் என்று தலையாட்டினோம்.

அப்போது பக்கத்தில் சரோஜாவும் இன்னும் நான்கு பேரும் அதே வாழ்த்துக்கு அடி வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். வாயில் பாட்டு, காலில் அடி. நான் கேட்டேன். வரி இறங்கி வந்து, கடைசி அட்சரத்தில், சரியாக அந்த மத்திமத்தின் மேல், அத்தனை கையும் சேர்ந்து ஒரு தட்டு. இன்னொரு வரி. அதே இடத்தில் இன்னொரு தட்டு.

"ஆறுச்சாமி, அந்த எடத்துல ஊதாதீங்க."

"வெறுமையா இருக்குமுங்கண்ணா."

"எங்கீங்க வெறுமை? கை உழுகுதே. பஞ்சமம் வரைக்கும் நல்லா எறங்கி வாங்க. வந்து குழலை ஒதட்டுல இருந்து எடுத்துப்போடுங்க. மூச்சு எடுங்க. மிச்சத்தை அவங்க தட்டிக்குவாங்க."

"வாத்தியாரு கேட்டா?"

"தரை அங்கதான் இருக்குதுன்னு சொல்லுங்க. என்னையக் கை காட்டுங்க. நான் வாரேன்."

இருட்டுவதற்குள் மைதானம் நிறைந்துவிட்டது. முதல் பாட்டிலிருந்து பஞ்சமம் பஞ்சமமாக வந்தது. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. வாழ்த்துக்காகக் காத்திருந்தேன். அது வந்தது. முதல் வரி இறங்கியது. கடைசி அட்சரத்தில் ஆறுச்சாமி குழலை எடுத்தார். வாத்தியார் பாடிக்கொண்டே சட்டென்று திரும்பிப் பார்த்தார். தட்டு விழுந்தது. இரண்டாவது வரி. மறுபடி குழல் இல்லை. வாத்தியார் இந்தத் தடவை திரும்பவில்லை, தலையைச் சாய்த்துக் கேட்டார். மூன்றாவது வரியில் கடைசி அட்சரத்தில் அவரும் பாடவில்லை. மேளக்காரரும் கையைத் தூக்கிக்கொண்டார். பாட்டு அப்படியே நின்ற இடத்தில் ஐம்பது பேரின் கை மட்டும், ஒரே ஒரு தட்டாக விழுந்தது.

சரோஜா எந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார் என்று நான் பார்க்கவில்லை. ஆறுச்சாமி பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன்.

இப்போது அந்த வாத்தியார் எந்த ஊரில் அரங்கேற்றினாலும் வாழ்த்தை அப்படித்தான் முடிக்கிறார். மற்ற குழுக்களும் பிடித்துக்கொண்டன. வேறு நல்லதும் நடந்தது. விரல் மடங்காதவர்கள், குட்டை விரல்காரர்கள், பிரஸ்ஸிலும் ரம்பத்திலும் விரல் கொடுத்தவர்கள் நம்மைத் தேடி வர ஆரம்பித்தார்கள். கை பார்த்துத் துளை போடுகிற பிரிவு என்று தனியாக ஒரு மேஜை இருக்கிறதே, அதில்தான் உங்களில் நான்கு பேரை உட்கார வைத்திருக்கிறாள் கவிதா. போன வாரம் பால் சொசைட்டியில் வேலை செய்கிற ஒரு அம்மணி வந்திருந்தார். இடது கையில் இரண்டு விரல் சேர்ந்தே பிறந்தவர். சின்ன வயசிலிருந்து குழல் மேல் ஆசையாம், யாரும் கையில் கொடுக்கவில்லையாம். இப்போது சரிகமபதநி ஏறி இறங்குகிற அளவுக்கு வந்துவிட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வருகிறவர் கையை முதலில் சும்மா பாருங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். டம்ளரை எப்படிப் பிடிக்கிறார் என்று பாருங்கள். அப்புறம் சாக்பீஸை எடுங்கள். துளை நகர்ந்ததும் தரை எங்கே, கூரை எங்கே என்று ஊதிப் பார்த்து, எந்தச் சுரம் வராதோ அதைக் குழலைக் கொடுக்கும் முன்பே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வராததைச் சொன்னால் வாங்க மாட்டார்கள் என்று பயப்படாதீர்கள். வராத இடம் தெரிந்தவன் அங்கே மூச்சு எடுத்துக்கொள்வான். தெரியாதவன்தான் மேடைக்குப் பின்னால் வந்து நிற்பான்.

இனி எனக்கு வர வேண்டியது.

அரங்கேற்றம் முடிந்து நன்றி சொன்னார்கள். பந்தல் போட்டவருக்கு நன்றி, மைக் செட்டுக்கு நன்றி, தண்ணீர் கேன் இறக்கியவருக்கு நன்றி. ஆறுச்சாமிக்குத் துண்டு. வெள்ளைச் சட்டைக்காரன் கீழேயே நின்றேன். போகட்டும். அதற்குப் பிறகு யாரோ போனைப் பிடித்துக்கொண்டு பேட்டி எடுத்தார்கள். அதில் ஆறுச்சாமி, "கை உழுகற எடத்துல நான் உட்டுட்டனுங்க" என்கிறார். போன் போட்டுக் கேட்டேன். "அட, நீங்க சொன்னதுதானுங்கண்ணா, பேச்சு வாக்குல உட்டுப்போச்சுங்க" என்றார். அதில் கெட்ட எண்ணம் இல்லை. அந்தப் பேட்டியைத் திருத்த முடியாது என்கிறார்கள். அதையும் விட்டுவிட்டேன்.

ஆனால் நம் பட்டறைக் காகிதத்தை விட மாட்டேன், இது ஆபீஸில் இருப்பவர்களுக்கும் சேர்த்து. ஒவ்வொரு குழலோடும் விரல் பிடி அட்டை ஒன்று வைக்கிறீர்கள். மூடிய துளை கறுப்பு, திறந்த துளை வெள்ளை. நல்ல அட்டை, முதல் அட்டையை வரைந்ததே நான்தான். தள்ளிப் போட்ட ஆறாவது துளைக்குத் தனி அட்டை போட்டிருக்கிறீர்கள். அதன் அடியில் 'எங்கள் வடிவமைப்புக் குழு' என்று அச்சாகியிருக்கிறது. அந்தக் குழுவில் யார் இருந்தார்கள் என்று கவிதாவிடம் கேட்டேன். "ஒரு பேச்சுக்குப் போடறதுங்கப்பா" என்றாள். அப்போது அந்தக் குழுவில் இருந்தது நான், ஒரு சாக்பீஸ், ஆறுச்சாமியின் கை.

கேபின்காரர் பெயர் வேண்டாம் என்றார். பெரிய மனுஷர். எனக்கு அந்தக் குணம் வரவில்லை, வரவும் வேண்டாம். அடுத்த அச்சில் அந்த வரியை எடுத்துவிட்டு, ஆறாவது துளைக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து என் பெயரைப் போடுங்கள். அதற்குக் கீழே ஆறுச்சாமி பெயர். வரிசை மாறக் கூடாது. ஏழாவது துளைக்குப் பக்கத்திலும் ஒரு கோடு இழுங்கள். இந்தக் குழலில் அடி மத்திமம் வராது என்று தெளிவாக எழுதி, அதற்குக் கீழேயும் என் பெயரையே போடுங்கள். அதைச் சொல்லாமல் விட்டவனும் நான்தான்.